சலமன்காவில் மூன்று வாரம்: குளிர்காலத்தில் ஸ்பானிஷ் படிக்கப் போகிறவர்களுக்கு

மூன்று வாரத்தில் யாருக்கும் ஸ்பானிஷ் சரளமாக வந்துவிடாது. கோர்ஸ் விற்கிறவர்கள் என்ன சொன்னாலும் சரி. ஆனால் ஆப்பிலும் புத்தகத்திலும் மாதக்கணக்காகப் படித்துவிட்டு, ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிற ஆள் என்றால், அந்த மூன்று வாரம் உங்களுக்கு நிறையச் செய்யும். கூச்சம் போகும், காது திறக்கும். அதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் செலவழித்த காசு வீண் போகாது.

ஊரும் மாதமும்

ஸ்பானிஷ் படிக்க ஊர்களுக்குப் பஞ்சமில்லை. குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று எதிரெதிரே உட்கார்ந்து படிக்கலாம். ஸ்பெயினைவிடச் செலவும் குறைவு. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஸ்பெயினின் தெற்குக் கரையில் மாலகாவுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பக்கத்துப் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' காற்றோடு போய்விடும். புதியவர் காதுக்கு அது சிரமம்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது சலமன்கா. ஸ்பெயின் தலைநகர் மத்ரித்துக்கு வடமேற்கே, பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தொலைவு. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். நெப்ரிஹா எழுதிய ஸ்பானிஷ் மொழியின் முதல் இலக்கணம் 1492இல் வெளிவந்ததும் இங்கேதான். அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர் சின்னது, எங்கேயும் நடந்தே போகலாம். பேச்சு தெளிவாக இருக்கும். மத்ரித், பார்சலோனா மாதிரி கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுவது குறைவு. இவைதான் நமக்கு வேண்டியவை.

மாதத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் 22 வாக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துதான் திரும்புவார்கள். இடைப்பட்ட நாட்களில் ஊர் பாதி காலி. பல மொழிப் பள்ளிகளும் மூடியிருக்கும் அல்லது அரைகுறையாக நடக்கும். அலுவலக லீவு கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் கிடைக்கும் என்றால் வேறு வழியில்லை, போய்வாருங்கள். நாள் உங்கள் கையில் என்றால் டிசம்பரின் முதல் மூன்று வாரம், அல்லது ஜனவரி 8க்குப் பிறகு. டிசம்பர் நடுவில் போனால் ஒரு வேடிக்கையும் கிடைக்கும்: லீவுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு, மாணவர்கள் பிளாசா மயோர் சதுக்கத்தில் கூடிப் புத்தாண்டை முன்கூட்டியே கொண்டாடிவிடுவார்கள். மணி அடிக்கும்போது பன்னிரண்டு திராட்சை சாப்பிடுவது ஸ்பெயின் வழக்கம். இவர்கள் திராட்சைக்குப் பதில் மிட்டாய் சாப்பிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் படிப்பதற்கு லாபம் உண்டு. வகுப்பில் கூட்டம் குறைவு. ஜூலையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் அறையில் ஜனவரியில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பேசும் நேரம் இரட்டிப்பு.

புறப்படும் முன் படிக்க வேண்டியது

ஒன்றுமே தெரியாமல் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம், தடையில்லை. ஆனால் "இது மேஜை, அது நாற்காலி" என்பதற்கு விமானச் செலவு எதற்கு? ஏ1 என்ற தொடக்க நிலைப் பாடத்தை ஊரிலேயே முடித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம், தினம் முக்கால் மணி நேரம் போதும். அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் வகுப்புகள் பல பள்ளிகளில் குறிப்பிட்ட தேதிகளில்தான் இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

எதைப் படிப்பது? நிகழ்கால வினைகள், எண்கள் ஆயிரம் வரை, மணி சொல்வது. அப்புறம் முக்கியமாக, 'இன்று இதைச் செய்தேன்' என்று சொல்லும் இறந்தகாலம்: எ ஈதோ (போனேன்), எ கொமீதோ (சாப்பிட்டேன்), எ விஸ்தோ (பார்த்தேன்). பாடப்புத்தகங்கள் இதைப் பின்னால் தள்ளிவைக்கும். ஆனால் நீங்கள் தங்கும் ஸ்பானிஷ் குடும்பத்து வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டு மேஜையில் வரும் முதல் கேள்வி, "கே அஸ் எச்சோ ஓய்?", இன்றைக்கு என்ன பண்ணினாய் என்பதுதான். அதற்கு ஆறு வாக்கியம் தயாராக இருந்தால் மீதிப் பேச்சு தானாக நீளும்.

தமிழர்களுக்குச் சில விஷயங்கள் சுலபம். ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் அவை கஷ்டமாகத் தெரிகின்றன. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கில மாணவர்கள் தலைகீழாக நின்று மனப்பாடம் செய்வார்கள். நமக்கு அது 'எனக்குக் காபி பிடிக்கும்' தான். காபி எழுவாய், எனக்கு என்பது நான்காம் வேற்றுமை, வேலை முடிந்தது. 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. வந்தேன், வந்தாய் என்று வினை முடிவே ஆளைக் காட்டிவிடுவதால், நான், நீ என்று தனியாகச் சொல்லாமல் விடுவதும் நமக்குப் பழக்கம்தான். இந்த இடங்களில் தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்குப் போங்கள், நடுவில் ஆங்கிலம் வேண்டாம்.

உச்சரிப்பிலும் இப்படித்தான். இரண்டு உயிருக்கு நடுவில் ஸ்பானிஷ் மெய்கள் இளகும். 'நாதா' என்ற சொல்லில் வரும் ஒலி நம் 'அது'வில் வரும் த-தான். சொல்லின் முதலில் மட்டும் உஷார். இரண்டு என்ற எண்ணையும் இருமலையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தோஸ்' தான். வாயில் அவை வேறு வேறு. அதனால் வகுப்புக் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எடுக்காதீர்கள். (நான் இங்கே எழுதுவது படிக்க வசதிக்காக மட்டும்.) 'பெரோ' என்றால் ஆனால், நாக்கை நன்றாக உருட்டிப் 'பெர்ரோ' என்றால் நாய். ர-வையும் ற-வையும் இன்னும் பிரித்துச் சொல்கிற குமரிப் பக்கத்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் எளிதாக வரலாம்.

நம்மைப் படுத்துகிறவை வேறு. மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது. 'செர்', 'எஸ்தார்' என்று 'இருப்பதற்கு' இரண்டு வினைகள் என்பது. இவற்றை வீட்டிலேயே முழுவதும் சரிசெய்துவிட நினைக்காதீர்கள். தப்பாகப் பேசினாலும் புரியும்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய இன்ஸ்திதூத்தோ செர்வாந்தெஸ் நிறுவனம் மொழிப் பள்ளிகளைச் சோதித்து அங்கீகாரம் தருகிறது. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகமே வெளிநாட்டவருக்கு வகுப்பு நடத்துகிறது. தனியார் பள்ளிகளும் நிறைய. வாரத்துக்கு இருபது பாடம், அதாவது தினம் காலையில் நான்கு, என்பதுதான் வழக்கமான கோர்ஸ். ஒரு பாடம் ஐம்பது நிமிடமா நாற்பத்தைந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தினம் ஆறு பாடம் என்று விற்கும் 'தீவிர' கோர்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு மணி நேரம் அந்நிய மொழியில் உட்கார்ந்தாலே தலை கனத்துவிடும். மிச்சக் காசில் வாரத்துக்கு இரண்டு தனிப்பாடம் சேர்த்துக்கொண்டால், குழுவில் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் அங்கே கேட்டுவிடலாம்.

கட்டணம் குழு வகுப்புக்கு வாரம் சுமார் 200 யூரோவை ஒட்டி இருக்கும். வீட்டில் தங்கி மூன்று வேளையும் சாப்பிட, வாரத்துக்குக் கிட்டத்தட்ட 200 முதல் 300 யூரோ. பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும்? பதில் எழுத்தில் வரட்டும்.

தங்குமிடத்துக்கு ஒரு குடும்பத்தின் வீடு, மாணவர் விடுதி, பகிர்ந்த ஃபிளாட் என்று மூன்று வாய்ப்பு காட்டுவார்கள். குறுகிய காலம் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வீட்டையே எடுக்க வேண்டும். ஃபிளாட்டில் கூட இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்கள், சமையலறையில் ஆங்கிலம்தான் ஓடும். விண்ணப்பத்தில் 'இதே வீட்டில் வேறு மாணவர் வேண்டாம், இருந்தால் வேறு தாய்மொழிக்காரராக இருக்கட்டும்' என்று எழுதிவிடுங்கள். நண்பரோடு போகிறீர்களா? தாராளமாகப் போங்கள், ஆனால் ஆளுக்கொரு வீடு.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 90 நாளுக்குள் முடியும் கோர்ஸுக்குக் குறுகிய கால விசா போதும், மாணவர் விசா தேவையில்லை. கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசாவே தேவையில்லை.

இந்தியாவில் ஸ்பெயின் விசா விண்ணப்பங்களைப் பி.எல்.எஸ். மையங்கள் வாங்குகின்றன, சென்னையிலும் மையம் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. டிசம்பர் பயணத்துக்கு அக்டோபருக்குள் அப்பாயின்ட்மென்ட் பிடித்துவிடுங்கள்.

ஃபைலில் கனமாக இருக்க வேண்டியது பள்ளிக் கடிதம். கோர்ஸ் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பணம் கட்டிய விவரம், தங்கும் வீட்டு முகவரி, பள்ளியே ஏற்பாடு செய்தது என்ற வரி, எல்லாம் அதில் இருக்கட்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். செலவுக்குக் காட்ட வேண்டிய பணத்தை ஸ்பெயின் ஒவ்வோர் ஆண்டும் மாற்றும். 2024இல் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 113.40 யூரோ. திரும்பி வருவதற்கான காரணமும் தெரிய வேண்டும்: வேலை என்றால் லீவு கொடுத்த கடிதம், படிப்பு என்றால் கல்லூரிக் கடிதம்.

2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் பயணிகளின் விவரங்களைப் புகைப்படத்தோடு கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. குடியேற்ற வரிசை நீளலாம். விமானம் இறங்கி ஒரு மணி நேரத்தில் பஸ் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

பெட்டி

ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி ராத்திரிகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம், காலையில் மூடுபனி. டிசம்பர் கடைசியில் பொழுது விடிய எட்டரைக்கு மேல் ஆகும். தடிமனான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று உடுப்பு நல்லது, ஏனென்றால் வகுப்பறை வெதுவெதுப்பாக இருக்கும். நனைந்த கல்தரையில் வழுக்காத ஷூ, கையுறை, காதை மூடும் தொப்பி. நல்ல கோட் ஒன்றை நம் ஊரில் தேடி அலைய வேண்டாம். ஜனவரி 7 வாக்கில் அங்கே தள்ளுபடி விற்பனை தொடங்கும். அப்புறம் வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு. வெறுங்காலோடு நடந்தால் வீட்டுக்கார அம்மா பதறிப்போவார். சளி பிடிக்கும் என்ற பயத்தில் அவர்கள் நம் பாட்டிகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

போய்ச் சேர்ந்ததும்

மத்ரித் பராஹாஸ் விமான நிலையத்திலிருந்தே சலமன்காவுக்கு நேரடி பஸ் உண்டு. நேரம் ஒத்துவராவிட்டால் மெந்தெஸ் ஆல்வரோ பஸ் நிலையம், அல்லது சமர்த்தின் ரயில் நிலையம். ஞாயிறு மாலைக்குள் போய்ச் சேருங்கள், திங்கள் காலை லெவல் டெஸ்ட்.

அந்தத் தேர்வில் அதிகம் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ள வேண்டாம். நம் ஊர் மாணவர்கள் எழுத்துத் தேர்வில் இலக்கணத்தை அள்ளிக் குவிப்பார்கள், பேச வராது. விளைவு, பேசத் தெரிந்த இத்தாலியர்கள் நிறைந்த பி1 என்ற இடைநிலை வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முதல் இரண்டு நாளுக்குள் வகுப்பை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், அவர்கள் தப்பாக நினைப்பதில்லை. சந்தேகம் வந்தால் கீழ் வகுப்பைக் கேளுங்கள்.

வீட்டில்

பாதிப் படிப்பு இங்கேதான் நடக்கிறது. வீட்டுக்கார அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், 'து' போட்டுப் பேச வேண்டும், அதாவது நீ. அறுபது வயதுக்காரரை அப்படிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. முதல் நாள் 'உஸ்தேத்' என்று மரியாதையாகத் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் அவரே 'து' போடச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகும் நீங்கள் விடாப்பிடியாக உஸ்தேத் சொன்னால் விலகி நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

ஹீட்டர் பல வீடுகளில் குறிப்பிட்ட மணிக்குத்தான் ஓடும். வெந்நீர்ச் செலவு அதிகம் என்பதால் இருபது நிமிடக் குளியலை யாரும் ரசிக்க மாட்டார்கள். துணியை வாரத்துக்கு ஒரு முறை அவர்களே துவைத்துத் தருவதுண்டு. பள்ளி அனுப்பும் விதிகளில் இதெல்லாம் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அரசியல் செய்தி ஒன்றும் புரியாது, விடுங்கள். கடைசியில் வரும் வானிலை அறிக்கையை மட்டும் தவறவிடாதீர்கள். வரைபடம், ஊர்ப் பெயர், எண், மழை, பனி, காற்று: தினமும் அதே ஐம்பது சொற்கள், கண்ணுக்கு எதிரே படத்தோடு. ஒரு வாரத்தில் முழுதாகப் புரியும் முதல் நிகழ்ச்சி அதுவாகத்தான் இருக்கும். முடிந்ததும் "நாளைக்கு இன்னும் குளிருமாம்" என்று நீங்களே ஆரம்பிக்கலாம். குளிரைப் பற்றிப் புலம்ப அந்த ஊரில் யாருக்கும் அலுப்பதில்லை. டிசம்பர் 22 காலையில் அங்கே இருந்தால் இன்னொரு இலவசப் பாடம்: கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கலில் பள்ளிப் பிள்ளைகள் மணிக்கணக்காக எண்களைப் பாடிக்கொண்டே இருப்பார்கள். ஐந்து இலக்க எண் பழக அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

சாப்பாடு

சைவக்காரர்கள் கொஞ்சம் தயாராகப் போக வேண்டும். 'வெஜிடேரியன்' என்று விண்ணப்பத்தில் எழுதினாலும், சாலடில் டூனா மீன் வந்து விழும். சூப்பில் ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சி, துண்டு துண்டாக மிதக்கும். பக்கத்து ஊரான கிஹுவேலோ ஹமோனுக்கே பேர்போனது. ஹமோனை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காத சமையல்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே பொதுவாகச் சொல்லாமல் பட்டியல் போடுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹமோன் வேண்டாம், சோரிசோ (பன்றி இறைச்சி சாசேஜ்) வேண்டாம். பருப்புக் குழம்பைப் பார்த்ததும் வாய் ஊறும், ஆனால் முதலில் "யேவா சோரிசோ?", இதில் சோரிசோ போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போட்டிருக்கும் என்பதே பெரும்பாலும் பதில். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு தோர்த்தியா, அதாவது ஸ்பானிஷ் ஆம்லெட், எங்கேயும் கிடைக்கும். ஊறுகாய்ப் பாட்டில் எடுத்துப் போவதில் தப்பில்லை. மேஜையில் எல்லாருக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று விளக்கவே அரை மணி நேரம் ஸ்பானிஷ் பேச வேண்டிவரும்.

வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே போய் 'மெனு தெல் தியா', அதாவது அன்றைய சாப்பாடு, சாப்பிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு, விலை அநேகமாக 12 முதல் 16 யூரோவுக்குள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, குடிக்க ஏதாவது. சர்வர் மின்னல் வேகத்தில் "தே பிரிமேரோ?", முதல் தட்டுக்கு என்ன என்பார். நீங்கள் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் "இ தே செகுந்தோ?", இரண்டாவதுக்கு? கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கதவருகே நின்று படித்து முடிவு செய்துகொண்டு உள்ளே போனால் தப்பிக்கலாம்.

மதியத்துக்குப் பிறகு

இரண்டிலிருந்து ஐந்து வரை சின்னக் கடைகள் மூடிக்கிடக்கும். அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை முடியுங்கள். மாலையில் அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊருக்கு வீடியோ கால் பேசுவதுதான் குளிர்காலத்தின் பெரிய ஆபத்து. குளிர் என்றாலும் ஊர்க்காரர்கள் வெளியே வருவார்கள், நீங்களும் போங்கள். 'கடிகாரத்துக்கு அடியில் பார்க்கலாம்' என்றால் பிளாசா மயோரில் மணிக்கூண்டுக்குக் கீழே என்று பொருள், யாரைச் சந்திப்பதும் அங்கேதான். பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளில் 'இன்தெர்காம்பியோ' என்று போட்டிருப்பார்கள்: அரை மணி ஆங்கிலம், அரை மணி ஸ்பானிஷ் பேசும் ஏற்பாடு. ஜனவரி நடுவில் மாணவர்களுக்குத் தேர்வு நேரம், அதனால் வந்த முதல் வாரமே ஆளைப் பிடியுங்கள். ஆங்கில அரை மணியை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வைத்தால் அது முன்னாடியே புகுந்துவிடும்.

ஆள் கிடைக்காத நாளில் வழி கேளுங்கள். பல்கலைக்கழக முகப்புச் சிற்பங்களில் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்கிறது; யார் உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் பாஸ் ஆவார் என்பது நம்பிக்கை. புதிய கதீட்ரலின் ஒரு வாசலில் விண்வெளி வீரர் சிற்பம் இருக்கிறது. 1992இல் புதுப்பித்தபோது செதுக்கியது, பழையது என்று நம்பி வாய்பிளக்க வேண்டாம். இரண்டுக்கும் வழி தெரிந்தாலும் தெரியாத மாதிரி நாலு பேரிடம் கேளுங்கள். பெரியவர்களாகப் பார்த்துக் கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள், வழியெல்லாம் பேச்சு.

லிஃப்டில் ஏறினாலும், மருந்துக்கடையில் நுழைந்தாலும் 'புவேனாஸ்' என்று பொதுவாக ஒரு வணக்கம் போடுவது அங்கே மரியாதை. நம் ஊரில் அந்நியரைப் பார்த்தால் பேசாமல் நிற்போம். அங்கே அது முறைத்துக்கொண்டு நிற்பது மாதிரி தெரியும்.

சான்றிதழ்

பள்ளி கடைசி வெள்ளியன்று ஒரு தாள் தரும். வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஆதாரம் வேண்டுமென்றால் அது போதாது. டெலே (DELE) அல்லது சியேலே (SIELE) என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வு எழுத வேண்டும். டெலே வாழ்நாள் முழுக்கச் செல்லும், ஆனால் குறிப்பிட்ட நிலைக்குத்தான் எழுத முடியும். தவறினால் அந்த நிலை இல்லை. சியேலே கணினித் தேர்வு, மதிப்பெண்ணை வைத்து நிலை சொல்வார்கள், ஐந்து ஆண்டு செல்லும். மூன்று வார கோர்ஸ் முடிந்த கையோடு எழுத வேண்டாம். ஊர் திரும்பி இரண்டு மூன்று மாதம் கழித்து, டெல்லி செர்வாந்தெஸ் மையம் போன்ற இடத்தில் எழுதிக்கொள்ளலாம். அதுவரை வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் பாடம் எடுக்க முடியுமா என்று உங்கள் சலமன்கா ஆசிரியரையே கேட்டுப் பாருங்கள். கோடைக் கூட்டம் வரும்வரை அவர்களில் சிலருக்கு நேரம் இருக்கும்.